நிகழ்தகவுவழித் தகவல் மீட்பு

தேடுபவரின் கேள்விக்கு ஓர் ஆவணம் பொருத்தமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று மதிப்பிட்டு, அந்த வாய்ப்பின் இறங்கு வரிசையில் ஆவணங்களை அடுக்கித் தரும் முறை. சொல் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கும் பூலியன் தேடலில் கிடைத்தவை எல்லாம் ஒரே தரம். எதை முதலில் படிப்பது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்த விடையை நிகழ்தகவில் தேடலாம் என்று 1960இல் மாரனும் கூன்ஸும் எழுதினர். இவ்வாறு அடுக்குவதே தேடுபவருக்கு மிகுந்த பயன் தரும் என்ற கோட்பாட்டை 1977இல் ஸ்டீஃபன் ராபர்ட்சன் முறைப்படுத்தினார்.

வாய்ப்பை எப்படிக் கணிப்பது? இங்கேதான் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸின் பங்களிப்பு நிற்கிறது. அரிதாக வரும் சொல்லே ஆவணத்தை நன்றாக அடையாளம் காட்டும் என்று 1972இல் அவர் காட்டினார். 'நிலவேம்பு மருந்து' என்று ஒருவர் தேடுவதாகக் கொள்வோம். பத்து லட்சம் ஆவணங்களில் 'மருந்து' ஒரு லட்சத்திலும் 'நிலவேம்பு' நூறிலும் இருந்தால், மொத்த ஆவணங்களைச் சொல் உள்ள ஆவணங்களால் வகுத்த ஈவின் பத்தடிமான மடக்கைப்படி முன்னதன் எடை 1, பின்னதன் எடை 4. இந்த எடைக்கு நிகழ்தகவு அடித்தளம் தந்தது அவரும் ராபர்ட்சனும் 1976இல் வெளியிட்ட கட்டுரை. சொற்கள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்பது அதன் எடுகோள். எந்த மொழியிலும் அது முழு உண்மையல்ல. ஆனாலும் கணக்கு வியக்கத்தக்க அளவு பலிக்கிறது.

லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஒகாபி தேடல் அமைப்பில் உருவாகி, 1994இல் டிரெக் மதிப்பீட்டரங்கில் முன்வைக்கப்பட்ட பிஎம்25 வாய்பாடு இவ்வழியின் பெரும் வெற்றி. ஒரு சொல் பத்து முறை வந்தால் பத்து மடங்கு மதிப்பு இல்லை. சராசரி நீளமுள்ள ஆவணத்தில், திரும்ப வருவதன் மதிப்பைக் கட்டுப்படுத்தும் மாறிலி வழக்கமான 1.2 ஆக இருந்தால், பத்து முறை வரும் சொல் ஒருமுறை வருவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கே பெறும்; எத்தனை முறை வந்தாலும் 2.2 மடங்கைத் தாண்டாது. நீண்ட ஆவணம் நீளத்தாலேயே முந்திவிடாதபடி தள்ளுபடியும் உண்டு. லூசீன் தேடல் மென்பொருள் 2016இல் தன் ஆறாம் பதிப்பிலிருந்து இதையே இயல்புநிலையாக்கியது.

ஆவணம் பொருத்தமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கேள்வியைப் போன்டேயும் கிராஃப்டும் 1998இல் திருப்பிப் போட்டனர்: இந்த ஆவணத்தின் மொழியிலிருந்து இத்தேடற்சொற்கள் பிறக்க எவ்வளவு வாய்ப்பு?

தமிழில் இம்மாதிரிகளை அப்படியே பொருத்த முடியாது. மரம், மரத்தை, மரத்தில், மரங்களுக்கு என வேற்றுமையும் பன்மையும் ஏறிய வடிவங்களைத் தனித்தனிச் சொற்களாக எண்ணினால், ஒவ்வொன்றும் உள்ளதைவிட அரிதாகத் தோன்றித் தகாத எடை பெறும். 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரங்களுக்கு' என்று மட்டும் எழுதிய ஆவணம் அகப்படாமலே போகும். ஆகவே அடிச்சொல் பிரிப்பு கணக்குக்கு முன்பே நடந்தாக வேண்டும்.