கணினிக் கடிகார ஒத்திசைவு

வலைப்பின்னலில் இணைந்த கணினிகள் அனைத்தும் ஒரே மணி காட்டும்படி அவற்றின் கடிகாரங்களை ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும் ஏற்பாடு. நம் பக்கத்தில் இது கணினிக்கு முந்தியது. தந்திக் கம்பியிலேயே தொடங்கிவிட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அங்கு வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் வகுத்த சென்னை நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. பின்னாளில் ரயில்வே அதையே பிடித்துக்கொள்ள, தந்தி வழியே மணி ஊர்ஊராகப் போனது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது என்றானது. சென்னை நேரத்துக்கு அது 9 நிமிடம்கூட வித்தியாசமில்லை. மேற்கே தள்ளியிருக்கும் குமரி மாவட்டக் குலசேகரத்திலோ, சூரியன் சராசரியாக இன்றும் கடிகாரத்துக்கு ஏறக்குறைய 21 நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வருகிறது.

கணினிக்குள் இருப்பது மலிவான குவார்ட்ஸ் படிகம். நாளொன்றுக்கு ஓரிரு வினாடி பிசகுவது சாதாரணம். இதற்கு அமெரிக்கரான டேவிட் மில்ஸ் 1985-இல் வெளியிட்ட என்.டி.பி. என்னும் வலைப்பின்னல் நேர நெறிமுறைதான் இன்றுவரை மருந்து. குலசேகரத்துக் கடை ஒன்றின் கணினி, தன் கணக்கில் சரியாகப் பத்து மணிக்கு டில்லி சர்வரிடம் மணி கேட்கிறது என்று கொள்வோம். கேள்வி வந்தபோது சர்வரில் 10 மணி 2.03 வினாடி, பதில் கிளம்பும்போது 2.04. பதில் கைக்கு வந்தபோது கடைக் கணினியில் 0.07. போகவர 0.06 வினாடி ஆகியிருக்கிறது. போன நேரமும் வந்த நேரமும் சமம் என்று வைத்தால், கடைக் கடிகாரம் 2 வினாடி பிந்தியிருக்கிறது. அந்தச் சமம் வெறும் அனுமானம்தான். ஒரு வழி நெரிசலானால் கணக்கும் கோணும். மிகச் சிறிய பிசகை ஒரேயடியாகத் திருத்தாமல், கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுச் சரிக்கட்டுவார்கள். மணி திடீரென்று பின்னோக்கிக் குதித்தால் பதிவேடுகளில் முன்னது எது, பின்னது எது என்றே தெரியாமல் போகும்.

இந்திய நேரத்துக்குப் பொறுப்பு டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். சீசியம் அணுக்கடிகாரங்கள் அங்கே ஓடுகின்றன. இணையக் குற்றங்களைத் துப்பறிய நேரப் பதிவு ஒத்துப்போக வேண்டும் என்பதால், அந்த ஆய்வகத்தையோ தேசிய தகவலியல் மையத்தையோ பின்பற்றும்படி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

பூமி சீராகச் சுழலாததால், அணுக்கடிகாரங்கள் காட்டும் நேரத்தில் இடையிடையே ஒரு வினாடி கூட்டவும் நேர்ந்தது. கடைசியாகக் கூட்டியது 2017 ஜனவரி 1 காலை, நம் நேரப்படி 5.30 அடிப்பதற்குச் சற்று முன். 2012-இல் இப்படிச் சேர்த்த வினாடியால் பல சர்வர்கள் திணறின. 2035-க்குள் இந்த வழக்கத்தைக் கைவிட 2022-இல் உலக நாடுகள் முடிவெடுத்துள்ளன.