போர் விட்டுச் சென்ற ஓடுதளங்கள்

படைத்தளம் என்றதும் கோட்டையும் கொத்தளமும் அகழியுமே நம் மனக்கண்முன் தோன்றும். கோட்டை இடிந்தாலும் அதன் சுவடு கண்ணுக்குப் புலனாகும். சரித்திர ஆசிரியர் வந்து அளந்து எழுதுவார். விமானத் தளமோ தரையோடு தரையாகக் கிடக்கும் நீண்டதொரு பாதை. போர் முடிந்த சில ஆண்டுகளில் புல்லும் முள்ளும் அதனை மூடிவிடுகின்றன. ஆயினும், சென்ற நூற்றாண்டின் பெரும்போரைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே அறிய விரும்பும் மாணவர்கள் அத்தகைய பாதைகளைத் தேடிச் செல்லுதல் நலம்.

நான் பிறந்த ஊர் குற்றாலத்தை அடுத்த இலஞ்சி. அங்கிருந்து நேர்கிழக்கே சென்றால், திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கயத்தாறு இருக்கிறது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது என்பதைச் சிறுவரும் அறிவர். அவ்வூரின் அருகே இரண்டாம் உலகப்போர்க் காலத்தைச் சேர்ந்த விமான ஓடுதளம் ஒன்றும் உண்டு என்பதை அறிந்தவர் சிலரே.

கடலிலிருந்து விலகிய இவ்விடத்திற்கு விமானத் தளம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விடை 1942-ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 23-இல் அந்தமான் தீவுகள் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5-இல் கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்கள்மீதும், 9-இல் திரிகோணமலைமீதும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓடினர். அரசாங்க அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. அதுவரை போரின் பின்புலமாக இருந்த தென்னாடு, ஒரு பருவத்திற்குள் போரின் வாயிலாக மாறிற்று. வங்கக் கடலைக் காக்கவும், இலங்கைக்குத் துணைநிற்கவும், தென்கிழக்கு ஆசியாவிற்குப் படை நடத்தவும் இங்கே தளங்கள் இன்றியமையாதன ஆயின.

தளம் அமைப்பதற்குச் சில இயற்கை வசதிகள் வேண்டும். மேடுபள்ளமற்ற அகன்ற நிலமும், மழைநீர் தேங்காத வடிகாலும், எரிபொருள் கொண்டுவர இருப்புப்பாதையோ சாலையோ அருகிலும் வேண்டும். விமானம் காற்றை எதிர்த்தே ஏறி இறங்குவதால், பெரும்பாலும் வீசும் காற்றின் திசையறிந்தே ஓடுதளத்தை அமைப்பர். அந்த நிலத்தில் உழுது விதைத்தவர்களும் இருந்திருப்பர் அன்றோ? 1939-ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டம், போர்த்தேவைக்கு வேண்டிய உடைமைகளை விரைந்து கையகப்படுத்த அரசாங்கத்திற்கு வழிசெய்தது. வெற்றிகளைக் கூறும் நூல்கள், வரப்பை இழந்த உழவனைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. தளத்தின் சரித்திரம் முதல் விமானம் இறங்கிய நாளில் தொடங்கவில்லை. கலப்பை வெளியேறிய நாளில் தொடங்கிற்று என்பதே என் கருத்து.

1945-இல் போர் முடிந்தது. தளங்களின் ஊழ் பலவாறாகப் பிரிந்தது. கயத்தாற்றில் விமானப் போக்குவரத்து நின்றது. ஆனால் எங்கள் ஊரில் சாரலைத் தூவிச் செங்கோட்டைக் கணவாய் வழியே கிழக்கே பாயும் தென்மேற்குக் காற்று அங்கே வேறொரு பணியை மேற்கொண்டது. கயத்தாற்றைச் சூழ்ந்து இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றைச் சோதித்து ஆராயும் மத்திய அரசின் நிலையமும் அங்கே இருக்கிறது.

சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்து ஓடுதளம் பல்லாண்டுக்காலம் மோட்டார்ப் பந்தயக் களமாக விளங்கியது. இங்கிலாந்திலும், குண்டுவீச்சு விமானிகளைப் பயிற்றுவித்த சில்வர்ஸ்டோன் தளத்தில்தான் 1950-ஆம் ஆண்டு மே 13-இல் உலகச் சாம்பியன் பட்டத்திற்கான முதல் கார்ப் பந்தயம் நடந்தது.

வேறு சில தளங்கள் படைப்பணியிலேயே நிலைத்தன. தாம்பரம் 1954 முதல் விமானப் பயிற்சியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் ஆசிரியர்க்கு ஆசிரியனாயிற்று. சூலூர், போரின் இறுதியில் பிரிட்டானியக் கடற்படைக்குப் பயன்பட்டது. 2018-இல் நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் போர்விமானங்கள் அங்கே குடியேறின. தஞ்சைப் பழைய ஓடுதளம் 2013-இல் விமானப்படை நிலையமாகப் புத்துயிர் பெற்றது. 2020 ஜனவரியில் சுகோய் விமான அணியொன்று அங்கே அமைந்தது. அரக்கோணத்துப் பழந்தளமோ 1992 மார்ச்சில் 'ராஜாளி' என்னும் பெயரோடு கடற்படையின் விமான நிலையமாயிற்று. நான்கு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அதன் ஓடுதளத்திலிருந்து எழும் நெடுந்தூர விமானங்கள் இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கின்றன.

அந்த ராஜாளியின் வாழ்வில் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நினைவிற்குரியது. பெருவெள்ளத்தால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அப்போது அரக்கோணத்துப் படைத்தளம் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. போர்விமானிகளின் பாதையில் பயணிகள் விமானங்கள் இறங்கி ஏறின. 2017-இல் ஒக்கிப் புயல் குமரி மாவட்ட மீனவர்களைக் கடலில் சிதறடித்தபோதும், பகைவரின் நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்கள் கவிழ்ந்த படகுகளைத் தேடின. பெர்லின் நகரத்துத் தெம்பல்கோப் தளமும் இத்தகையதே: 1948, 1949-ஆம் ஆண்டுகளில் முற்றுகையிடப்பட்ட மக்களுக்கு வானவழியே உணவும் நிலக்கரியும் அங்கே வந்திறங்கின. 2008-இல் மூடப்பட்ட அத்தளம், 2010 முதல் பொதுமக்கள் உலாவும் பூங்காவாக இருக்கிறது.

இவற்றால், படைத்தளமே வேண்டா என்று நான் கூறுவதாகக் கொள்ளலாகாது. நீண்ட கடற்கரையுடைய நாட்டிற்குக் காவல் வேண்டும். ஆயினும் ஒரு நாடு தன் தளங்களை அமைதிக்காலத்தில் எவ்வாறு ஆள்கிறது என்பதும் அதன் ஆற்றலுக்கு ஓர் அளவுகோல் ஆகும். ஆபத்தில் மக்களுக்குத் திறக்கும் தளம், நிலம் கொடுத்தவர்க்குப் பட்ட கடனில் ஒரு பங்கைத் தீர்க்கிறது. எப்பயனுமின்றிப் பாழ்பட்டுக் கிடப்பதோ அக்கடனை வளர்க்கிறது.

உங்கள் ஊர்ப்புறத்திலும் இத்தகைய பழைய ஓடுதளம் இருக்கலாம். விடுமுறையில் சென்று பாருங்கள். அதற்குமுன் அங்கே என்ன விளைந்தது, யார் உழுதார்கள் என்று முதியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்தச் செய்தியை அறிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.