எங்கள் பார்சிக் மலை

பொதிகையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, சான்பாடா மொட்டைமாடியிலிருந்து கிழக்கே தெரியும் பார்சிக் மலை ஒரு மலையாகவே படவில்லை. "இதெல்லாம் ஒரு மலையா?" என்று பல வருஷம் கிண்டலடித்தவன் நான்.

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. சுமார் 6.6 கோடி வருஷங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணக் கரும்பாறை. 1853-ல் பம்பாயிலிருந்து தாணே வரை வந்த ரயில், மறுவருஷம் கல்யாணுக்குப் போக, இவரைச் சுற்றிக்கொண்டு மும்ப்ரா வழியாகத்தான் போனது. நேராகத் துளைத்த 1.3 கிலோமீட்டர் சுரங்கப்பாதை 1916-ல்தான் திறந்தது. ஊரிலிருந்து மெயிலில் வரும்போது, கல்யாண் தாண்டிச் சட்டென்று இருட்டுமே, அதுதான். மூட்டை முடிச்சுகளைக் கட்டச் சொல்லும் இருட்டு!

1970-ல் சிட்கோ வந்தது. நவி மும்பை எழும்ப எழும்ப, இந்த மலையை வெட்டி ஜல்லியாக்கினார்கள். மேற்குச் சரிவில் அந்தக் காயங்கள் இன்றும் தெரிகின்றன.

"அந்தப் பக்கம் மலையைக் காணோமே, எங்கேப்பா போச்சு?" என்று போன வாரம் பையன் கேட்டான்.

"நம்ம வீட்டுத் தூணிலேயே கொஞ்சம் இருக்கலாம்டா" என்றேன். அதற்குப் பிறகு கிண்டலடிக்க மனசு வரவில்லை.