செல்லப்பிராணிகளை வீட்டில் வைத்துப் பார்க்கும் சிறுதொழிலும் உரிம விதிகளும்: காஞ்சிபுரத்தை முன்வைத்து

வெளியூர் போகிறவர்களின் நாயையோ பூனையையோ கூலி பெற்றுக்கொண்டு சில நாட்கள் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழிலுக்கென்று இந்தியாவில் தனி உரிமச் சட்டம் கிடையாது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த இரு விதித்தொகுப்புகள் இதை நெருங்கி வருகின்றன. 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளுக்கு விற்பனையே பொருள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், நாய்களைக் காப்பகத்தில் வைத்துப் பார்ப்போரையும் இனப்பெருக்கம் செய்வோர் கணக்கிலேயே சேர்த்து, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதியச் சொல்கின்றன. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள், வளர்ந்த நாயை நாலு நாள் வைத்திருப்பவருக்கு எந்த வழியும் காட்டுவதில்லை. பூனைக்கோ இந்த நாய் விதிகளில் இடமே இல்லை.

அதனால் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவருக்கும் அதன் நலனைக் காக்கும் கடமையை விதிக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. பார்த்துக்கொள்ள விடப்பட்ட பசு கன்று ஈன்றால் கன்றையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும் என்பது அச்சட்டமே தரும் எடுத்துக்காட்டு. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்தவர், அதனால் நேரும் காயத்துக்குப் பொறுப்பாவார். கடிக்கும் நாயை வாய்திறக்காமல் விட்டுச்செல்லும் உரிமையாளரையும் இது கட்டும். ஆனால் இவையெல்லாம் கேடு நடந்த பிறகே பயன்படும். வதைக்கான அபராதமோ முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய்தான். இத்தொகைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை. முன்கூட்டிய பதிவு தேவைப்படுவது இதனால்தான்.

இங்கிலாந்தில் 1963 முதலே இதற்குச் சட்டம் உண்டு. அங்கு 2018இல் வந்த புதிய விதிகள், வீட்டில் தங்கவைக்கும் ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை ஒதுக்கச் சொல்கின்றன. அதை அப்படியே காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு நெசவாளர் வீடும் தேறாது. கூடத்தை அடைத்துக்கொண்டு தறி நிற்கும். மற்ற எல்லாப் புழக்கமும் மிஞ்சிய இடத்தில்தான். அதே வீட்டில் பகல் முழுதும் ஆள் இருக்கும் என்பது பிராணிக்குப் பெரிய நன்மை. பூட்டிய தனி அறையைவிட அந்தத் துணை மேலானது. அஞ்ச வேண்டியது வேறு: தறிக்குழிக்குள் இறங்கும் நாய்க்குட்டி, பட்டுப்பாவில் நகம் பதிக்கும் பூனை. ஆகவே, தறிக்கும் பிராணிக்கும் இடையே தடுப்பு இருக்கிறதா என்றுதான் இங்கு விதி கேட்க வேண்டும்.

2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்தில், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பிராணிகளுக்கு மேல் வைக்காதவர்களுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி வகுக்கலாம். கட்டணமில்லாப் பதிவு போதும். சென்னை மாநகராட்சி நாய் வளர்ப்பு உரிமத்துக்குக் கேட்கும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றை இங்கே ஒப்படைக்கும்போதே வாங்கி வைக்கச் செய்யலாம். பிராணியின் குணம், தீவனம், மருத்துவச் செலவை ஏற்பவர் யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தாண்டுபவர்களுக்கு மட்டும் கால்நடை மருத்துவரின் நேரடி ஆய்வும் ஆண்டு உரிமமும் பொருந்தும்.