டின் பாலும் சேய் நலமும்

தமிழர் வாழ்வில் பாலுக்குத் தனியிடம் உண்டு. முல்லை நிலத்து ஆயர் ஆவினங்களைப் பேணி வாழ்ந்த திறத்தைச் சங்க நூல்கள் காட்டுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் மோர் விற்றுத் தன் குடியைப் புரக்கிறாள். மலாயாவுக்கு வந்த தமிழரும் இத்தொழிலைக் கைவிட்டாரல்லர். பினாங்குத் தீவின் கம்போங் புவா பாலா, 2009ஆம் ஆண்டில் இடிக்கப்படும் வரை, மாடு வளர்க்கும் தமிழரின் குடியிருப்பாக விளங்கியது.

எனினும், இந்நாட்டு ஏழை மக்களிடையே பெரிதும் பரவியது கறந்த பால் அன்று. தகரத்தில் அடைத்து வந்த டின் பாலே ஆகும். 1856ஆம் ஆண்டில் அமெரிக்கரான கெயில் போர்டன் பாலைச் சுண்டச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர், நீரை வற்றச் செய்து சர்க்கரையை மிகுதியாகச் சேர்த்த பால் உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. வெப்ப நாட்டிலும் அது எளிதிற் கெடுவதில்லை. ஆனால் அதன் எடையில் ஏறத்தாழ 40 முதல் 45 விழுக்காடு சேர்த்த சர்க்கரையே.

புக்கிட் மெர்தாஜாம் போன்ற ஊர்களை அடுத்த தோட்டங்களில், தாய்மார் விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்வர். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடக்கும். அத்தகைய வாழ்வில் டின் பால் வசதியாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவ்வசதிக்குள் மறைந்திருந்த தீங்கோ பெரிது. கொழுப்பு நீக்கிய பாலில் அமைந்த டின் பாலில் ஏ, டி உயிர்ச்சத்துகள் இல்லாமற் போயின. அதனையே உணவாகக் கொண்ட குழந்தைகளுக்குக் கண்நோயும் எலும்பு மென்மை நோயும் நேர்ந்தன. தூய்மையற்ற நீரும் புட்டியும் வயிற்றுப்போக்கை விளைவித்தன. தாய்ப்பாலில் உள்ள நோய் எதிர்ப்பாற்றல் எந்தத் தகரத்திலும் கிட்டாதன்றோ!

இக்கொடுமையை வெளிப்படுத்தியவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். ஜமைக்காவிற் பிறந்த இவர், ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரை நாட்டில் குவாஷியோர்கர் என்னும் ஊட்டக்குறை நோயை ஆராய்ந்து உலகறியச் செய்தவர். 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்ட இவர், டின் பால் ஊட்டப்பெற்ற சேய்கள் மடிவதைக் கண்டார். செவிலியர் போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள் தாய்மாரை நாடிச் சென்று அப்பாலைப் பரிந்துரைப்பதையும் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் அவர் உரையாற்றினார். தவறான விளம்பரத்தால் விளையும் சேய் மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அஞ்சாது கூறினார். போர்க்காலத்தில் சப்பானியரிடம் சிறைப்பட்டுச் சாங்கியில் துன்புற்றார். 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

அவர் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. 1979இல் மலேசியா குழந்தைப்பால் விற்பனைக்கு ஒழுக்க நெறிகளை வகுத்தது. 1981இல் உலக சுகாதார மாமன்றம், தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை குறித்த பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. 1991இல் தோன்றிய உலகத் தாய்ப்பால் கூட்டமைப்பு பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டமை இம்மாநிலத்திற்குப் பெருமையாகும்.

இவ்வரலாற்றைக் கொண்டு பாலே தீது என முடிவு கட்டுதல் பிழை. பால் புரதமும் சுண்ணச்சத்தும் மிக்க உணவு. ஆயினும் அஃது எல்லார்க்கும் எவ்வடிவிலும் ஏற்றதன்று. ஆசிய மக்களுள் பலருக்கு, வளர்ந்தபின் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைகிறது. அன்னோர்க்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இன்று தேநீரிற் கலக்கப்படும் டின்களுட் பல, பால் என்னும் பெயரையே இழந்து ‘இனிப்பு கிரிமர்’ ஆகிவிட்டன. செம்பனை எண்ணெயும் சர்க்கரையுமே அவற்றில் மிகுதி. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியரில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். தகரத்தின் மேலுள்ள படத்தைப் பாராது, அதிலுள்ள எழுத்தைப் படித்துப் பொருளுணரும் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தை வகுப்பறையிலேயே தொடங்கி வைத்தல் ஆசிரியர் கடனாகும்.