வெளிநாட்டுத் தர அங்கீகாரம்

ஒரு நாட்டின் பல்கலைக்கழகம் தன் படிப்புகளை வேறொரு நாட்டுத் தர மதிப்பீட்டு அமைப்பின் ஆய்வுக்கு உட்படுத்திச் சான்று பெறும் நடைமுறை. பட்டம் வழங்கும் உரிமை உள்நாட்டுச் சட்டத்தால் வருவது. அந்தப் பட்டத்துக்கு எல்லை தாண்டியும் மதிப்புத் தேடித்தருவதே இச்சான்றின் வேலை.

பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1863இல் நியூயார்க் மாநிலத்தின் சாசனம் பெற்று, 1866இல் வகுப்புகளைத் தொடங்கியது. சாசனம் வேறு, தரச்சான்று வேறு. அமெரிக்காவின் மிடில் ஸ்டேட்ஸ் ஆணையம் அதை அங்கீகரித்தது 2004இல்தான். 1919இல் நிறுவப்பட்ட கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1982லேயே இந்த அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டது.

இந்நடைமுறை இந்திய வகுப்பறைக்குள் ஆழமாக இறங்கியது பொறியியல் வழியாக. 1932இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கங்கள் அமைத்த குழுவே இன்றைய அபெட். கருவிகளையும் புத்தகங்களையும் எண்ணிக்கொண்டிருந்த இவ்வமைப்பு, 1990களின் பிற்பகுதியில், படித்து முடித்தவருக்கு என்ன செய்யத் தெரிகிறது என்று கேட்கத் தொடங்கியது. வேலூர் விஐடி போன்றவை நேராக அபெட்டிடமே சென்றன. ஆனால் கல்லூரிதோறும் வெளிநாட்டுக் குழுவை வரவழைப்பது நடக்கிற காரியமல்ல. அதற்கு மாற்றாக, 1989இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகளின் அமைப்புகள் செய்துகொண்டதே வாஷிங்டன் ஒப்பந்தம்: ஒருவர் அங்கீகரித்த படிப்பை மற்றவரும் ஏற்பது. இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமான என்பிஏ 2007இல் தற்காலிக உறுப்பினராகி, 2014இல் முழு உறுப்பினரானது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகமும் அதே ஆண்டு முழு உறுப்புரிமை பெற்றது.

உள்தேர்வு வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அது சோதிக்கும் பாடப்பயனை (கோர்ஸ் அவுட்கம்) ‘சிஓ1’, ‘சிஓ2’ என்று குறிக்கும் வழக்கம் தமிழகக் கல்லூரிகளுக்கு வந்தது, படித்தவருக்கு என்ன செய்யத் தெரிகிறது என்று கேட்கும் அந்தச் சிந்தனையிலிருந்துதான். அதற்கான கோப்புகளை நிரப்புவதே ஆசிரியருக்குத் தனி வேலையாகிவிட்டது. இத்தனைக்கும், ஒப்பந்தத்தின் பலன் பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் அடங்கிய முதல் அடுக்கில் என்பிஏ சான்று பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரி என்பிஏ சான்று பெற்றிருந்தாலும் அதில் சேராது. விளம்பரத் தட்டிகளில் இந்த வேறுபாடு இடம்பெறுவதில்லை.

மேலாண்மைக் கல்வியில் கௌரவத்துக்கே கூடுதல் இடம். 1916இல் தோன்றிய அமெரிக்காவின் ஏஏசிஎஸ்பி, ஐரோப்பாவின் ஈக்விஸ், பிரிட்டனின் ஆம்பா ஆகிய மூன்று சான்றுகளையும் பெறுவது ‘டிரிபிள் கிரௌன்’. இந்தியாவில் அதை முதலில் எட்டியது கல்கத்தா ஐஐஎம். அகமதாபாத் ஐஐஎம் 2008இல் ஈக்விஸ் பெற்றபோது நடைமுறைக் காரணமும் இருந்தது: 2017 சட்டம் வரும்வரை ஐஐஎம்கள் கொடுத்தது டிப்ளமோதான்; அது எம்பிஏவுக்கு நிகர் என்று வெளிநாட்டில் புரியவைக்கச் சான்று உதவியது.

மருத்துவத்தில் நெருக்கடி வெளியிலிருந்து வந்தது. அயல்நாட்டு மருத்துவப் பட்டதாரிகளைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பு, உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் ஏற்புப் பெற்ற அமைப்பு அங்கீகரித்த கல்லூரியில் படித்தவர்களையே 2023 முதல் ஏற்பதாக 2010இல் அறிவித்தது. கெடு 2024க்குத் தள்ளிப்போய், கெடுபிடியும் தளர்ந்தது. இதற்கிடையே 2023இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அந்த ஏற்பை 10 ஆண்டுகளுக்குப் பெற்றது. அப்போதிருந்த 706 மருத்துவக் கல்லூரிகளும் ஒரே உத்தரவில் அதன் கீழ் வந்தன.