கிட் விமானம்: பாகத் தேர்வும் மேம்பாடும்

கிட் விமானம் என்பது வெட்டி, வளைத்து, துளையிட்ட பாகங்களாகப் பெட்டிகளில் வந்து, உரிமையாளரே தன் ஷெட்டில் பூட்டி முடிக்கும் சிறு விமானம். பெரும்பாலான கிட்களில் இறக்கை, வால், உடற்பகுதி ஆகியவற்றுக்கான தகடுகளும் ரிவெட்டுகளும்தான் இருக்கும். என்ஜின், ப்ரொப்பெல்லர், காக்பிட் கருவிகள், பேட்டரி, இருக்கை, பெயின்ட் எல்லாம் கட்டுபவரின் தேர்வு. வேலையில் பாதிக்கு மேல் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இதை 51 சதவீத விதி என்பார்கள். விலையில் பெரும் பங்கு பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. பிழைகளில் பெரும் பங்கும் அங்கேதான்.

பாகத் தேர்வு பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை ஒரிகனின் குளிரிலோ இங்கிலாந்தின் ஈரப்புல்வெளியிலோ பறப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் நிலைமை வேறு. மே மாதத்தில் 42 டிகிரி வெயில், சமவெளியிலிருந்து சட்டென்று எழும் சேஷாசல மலை, இரண்டு பருவமழைகளின் ஈரம், பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகிய நான்கையும் கணக்கில் கொள்ளாத மேம்பாடு இங்கே பணச் செலவாக மட்டுமே முடியும்.

தென்னிந்தியப் பின்னணி

இப்பகுதிக்கு மிக அருகில் நடந்த பழைய முயற்சி சென்னையில். கோர்சிகா வம்சாவளியைச் சேர்ந்த ஓட்டல்காரர் ஜக்கோமோ டி ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்த விமானத்தை வண்டி கட்டும் சிம்சன் நிறுவனத்தில் செய்வித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அன்று அவருக்குத் தேர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. கிடைத்த சிறு குதிரைத்திறன் என்ஜினையே பொருத்தினார்.

பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகம் (என்ஏஎல்), பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி என்ற வீட்டுக்கட்டு விமானத்தை அடியொற்றி, முழுக்கக் கண்ணாடியிழைக் கலவையில் ஓர் ஆய்வு விமானம் கட்டியது. அது 1987 பிப்ரவரியில் பறந்தது. அந்த அனுபவத்தின் அடுத்த படிதான் ஹன்சா என்ற சிறு விமானம். அதே நகரில் ஜோயல் கோக்லின் நடத்திய ராஜ் ஹம்ஸா நிறுவனம், எக்ஸ்-ஏர் என்ற குழாய்ச் சட்டமும் துணிப் போர்வையும் கொண்ட கிட்டை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. திருப்பதியிலிருந்து ஒரு பகல் பயணத் தொலைவில் செய்த கிட்டைப் பிரான்சிலும் பிரிட்டனிலும் இருந்தவர்கள் பூட்டினார்கள் என்பது இங்குள்ளவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி. அந்த ஒரே சட்டத்தில் இருவீச்சு ரோட்டாக்ஸ் 582-ஐயும் பொருத்தினார்கள், நால்வீச்சு ஜாபிரு 2200-ஐயும் பொருத்தினார்கள். ஒரு கிட்டுக்கு ஒரே என்ஜின் என்ற விதி இல்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று இல்லை.

தனி மனிதர் கட்டிய விமானத்துக்கு இந்தியாவில் பெயர் பெற்றவர் அமோல் யாதவ். மும்பை காந்திவலியில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டிய இந்த விமானி, 2017 நவம்பரில் பதிவையும் 2019 அக்டோபரில் பறக்கும் அனுமதியையும் பெற்றார். உலோகத்தை வளைப்பதைவிடக் காகிதத்தை நகர்த்துவது கடினம் என்று அவர் கதையைப் படிப்பவருக்குத் தோன்றும். பாகம் தேர்ந்தெடுப்பவருக்கும் அது பொருந்தும்: வாங்கிய ரசீது, பாகத்தின் வரிசை எண், பொருத்திய நாள் என எதையும் தூக்கிப் போடக் கூடாது.

வெப்பமும் காற்றின் அடர்த்தியும்

ரேணிகுண்டா விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 அடி உயரத்தில் இருக்கிறது. ஆனால் என்ஜினும் இறக்கையும் வரைபட உயரத்தைப் பார்ப்பதில்லை, காற்றின் அடர்த்தியைப் பார்க்கின்றன. அந்த உயரத்துக்கான நியம வெப்பநிலை 14 டிகிரி. 42 டிகிரி வெயிலில் 28 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்கு 120 அடி வீதம் சேர்த்தால் 'அடர்த்தி உயரம்' சுமார் 3,700 அடி ஆகிறது. பெங்களூரு ஹெச்ஏஎல் ஓடுதளமே 2,900 அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, மே மதியத்தில் ரேணிகுண்டா மலை நகரமாகிவிடுகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லாமல். டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீத வலுவை இழக்கும். 100 குதிரைத்திறன் 89 ஆகும். ஏறக்குறைய 2,300 அடியில் உள்ள மதனப்பள்ளியில் 38 டிகிரி நாளில் அடர்த்தி உயரம் 5,500 அடியைத் தாண்டும்.

இதைப் படித்ததும் பெரிய என்ஜின் வாங்கத் தோன்றுவது இயல்பு. அவசரப்பட வேண்டாம். வெப்பம் முதலில் தாக்குவது வலுவை அல்ல, குளிர்விப்பை. வெளிக்காற்று 12 டிகிரி கூடினால் எண்ணெயின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். 30 டிகிரி நாளில் சோதித்து "போதும்" என்று தேர்ந்தெடுத்த ஆயில் கூலர் இங்கே மே மாதத்தில் போதாது. லைகாமிங் போன்ற காற்றுக் குளிர்விப்பு என்ஜினில் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள பேஃபிள் தகடுகளின் இடுக்கு வழியே காற்று வீணாகத் தப்பும். அந்த இடுக்குகளைச் சிலிக்கோன் ரப்பர் பட்டையால் அடைப்பது மிக மலிவான வேலை. இந்த வட்டாரத்தில் அதைவிட நல்ல மேம்பாடு அநேகமாக எதுவும் இல்லை. ரோட்டாக்ஸ் 912 வகையில் சிலிண்டர் தலைகளைக் குளிர்விப்பது நீர்மம். அங்கே ரேடியேட்டரின் அளவும், சூடான காற்று வெளியேறும் வழியும் கவனிக்க வேண்டியவை. உள்ளே வரும் வாயைப் பெரிதாக்குவதைவிட வெளியேறும் வாயைச் சரிசெய்வதே பலன் தரும்.

என்ஜின்

100 குதிரைத்திறனுள்ள ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் நிமிடத்துக்கு 5,800 சுற்று வரை ஓடி, 2.43-க்கு 1 கியர்பெட்டி வழியே ப்ரொப்பெல்லரைச் சுழற்றும். லைகாமிங் ஓ-320, ஓ-360 ஆகியவை கியர் இல்லாமல் மெதுவாக ஓடும் 150 முதல் 180 குதிரைத்திறன் என்ஜின்கள். எடை மிக அதிகம். அருகில் யாருக்கு எதைப் பிரித்துப் பூட்டத் தெரியும் என்பது அட்டவணைகளில் வராத கேள்வி. ஹன்சா விமானங்களும், 2015-இல் இந்தியப் படைகளுக்கும் என்சிசிக்கும் ஒப்பந்தமான 194 பிபிஸ்ட்ரெல் வைரஸ் சிறுவிமானங்களும் ரோட்டாக்ஸில் ஓடுபவை. பறத்தல் பயிற்சிப் பள்ளிகளின் செஸ்னாக்களால் லைகாமிங்குக்கும் மெக்கானிக்குகள் உண்டு. இந்த இரண்டுக்கும் வெளியே போய், கார் என்ஜினை மாற்றிப் பொருத்துகிறவர் அதற்கான ஒரே மெக்கானிக் தானே என்பதை ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

என்ஜின் மாற்றத்துக்கு நம்மிடையே உள்ள நல்ல உதாரணம் ஹன்சா. அது தொழிற்சாலை விமானம்தான். ஆனால் அங்கே எடுத்த முடிவு கிட் கட்டுபவருக்கு நேரடியாகப் பயன்படும். ஹன்சா-3-இல் இருந்தது டர்போ பூட்டிய ரோட்டாக்ஸ் 914. 2021 செப்டம்பரில் பறந்த ஹன்சா-என்ஜியில் டர்போ இல்லை. எரிபொருளை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் 912 ஐஎஸ்சி வந்தது. உச்ச வலு குறைந்தது. கூடவே காக்பிட் திரைகளும், மின்சாரத்தில் இயங்கும் ஃபிளாப்பும், எடை குறைந்த கூடும் சேர்ந்தன. 2022 பிப்ரவரி, மார்ச்சில் கடல் மட்டச் சோதனைக்காக அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூரு உயரத்தில் கிடைத்த எண்களை மட்டும் நம்பவில்லை. வலுவைக் கூட்டாமலும் மேம்படுத்தலாம் என்பதை என்ஏஎல் காட்டியிருக்கிறது.

எரிபொருள்

ரோட்டாக்ஸின் பெரிய கவர்ச்சி, பங்க் பெட்ரோலில் ஓடும் என்பது. இந்தியாவில் இப்போது அந்தக் கவர்ச்சி மங்கிவிட்டது. ரோட்டாக்ஸ் அனுமதிப்பது 10 சதவீத எத்தனால் வரை. நம் பங்க்குகளில் 2025 முதல் பொதுவாகக் கிடைப்பது 20 சதவீதக் கலப்பு. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் குழாய்களை ஊதவைக்கும், கலவைப் பிசினால் செய்த டாங்குகளையும் அவற்றின் பூச்சுகளையும் கெடுக்கும். கலப்பைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு: அளவுக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கோடு கிழித்து, அதன்மேல் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி நிற்கவைத்தால், எத்தனாலை இழுத்துக்கொண்ட தண்ணீரின் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருக்கும்.

மாற்று, ஏவிகேஸ் 100 எல்எல். முன்பு முழுக்க இறக்குமதியான இதை இந்தியன் ஆயில் 2022 முதல் வதோதராவில் தயாரிக்கிறது. இதில் ஈயம் உண்டு. ஈயப் பெட்ரோலிலேயே ஓட்டினால் ரோட்டாக்ஸில் எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பயணி விமானங்கள் நிரப்பும் ஏடிஎஃப் வேறு சரக்கு; அதை ஊற்றினால் இந்த என்ஜின்கள் கெடும். ஏவிகேஸ் டிரம் எங்கிருந்து வரும், எங்கே வைப்பது, அதற்கு யார் உரிமம் தருவார்கள் என்பதை என்ஜினுக்கு முன்பணம் கட்டும் முன்பே விசாரித்துவிட வேண்டும்.

வெயிலில் நிறுத்திய விமானத்தில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடலாம். டாங்குக்கு அருகில் மின்பம்ப், மீதியை டாங்குக்கே திருப்பும் குழாய், என்ஜின் அறையில் ஓடும் குழாய்க்கு வெப்ப உறை ஆகிய மூன்றும் இங்கே ஆடம்பரம் அல்ல.

எடை, ப்ரொப்பெல்லர், பேட்டரி

இலகு விமானங்களுக்குப் பல நாடுகளில் 600 கிலோ எல்லை இருக்கிறது. வெற்று எடை 370 கிலோ, இரண்டு பேர் 150 கிலோ என்றால் பெட்ரோலுக்கும் பைக்கும் 80 கிலோதான் மிச்சம். கூடுதலாக ஏறும் ஒவ்வொரு 10 கிலோவும் 14 லிட்டர் பெட்ரோலை இறக்கச் சொல்லும். மணிக்கு 18 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு அது முக்கால் மணி நேரப் பறத்தல். தோல் இருக்கை, இரண்டாவது திரை, தடித்த பெயின்ட் என்று ஆசைப்படுபவர்கள் இந்தக் கணக்கைக் கிலோவில் போடாமல் நிமிடத்தில் போட்டால் ஆசை பாதி அடங்கும்.

பறக்கும்போதே கத்திக் கோணத்தை மாற்றும் ப்ரொப்பெல்லர் ஏற்றத்துக்கும் பயணத்துக்கும் தனித்தனிக் கோணம் தருவதால், சூடான ஓடுதளத்தில் அதன் பலன் உண்மையானது. எடையும் உண்மையானது, அதுவும் மூக்கில். குறைந்த செலவில் ஒரு வழி உண்டு: தரையில் மட்டும் கோணம் மாற்றக்கூடிய ப்ரொப்பெல்லரை வாங்கி, கோடையில் ஏற்றத்துக்குச் சாதகமாகத் திருப்பி வைப்பது. ரேணிகுண்டாவுக்கு மேற்கே மலை நிற்பதால், பயண வேகத்தில் கொஞ்சம் இழந்தாலும் ஏற்ற வேகமே இங்கு முக்கியம். திருமலைக்கு மேலே விமானம் பறப்பது ஆகம விதிக்கு முரண் என்று தேவஸ்தானம் மத்திய அரசிடம் பலமுறை முறையிட்டிருக்கிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் தடை வான்பகுதி. திரும்புவதற்கு இடம் எவ்வளவு என்பதையும் இந்தத் தேர்வில் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேட்டரித் தொழில் திருப்பதியின் அடையாளங்களில் ஒன்று. அமர ராஜா நிறுவனம் இங்கேதான் வளர்ந்தது. கிட் விமானங்களில் பலகாலமாக ஓடுவது ஏறக்குறைய 7 கிலோ எடையுள்ள, மூடிய ஈய-அமில பேட்டரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 2 கிலோவுக்குள் அடங்கும். ஆனால் என்ஜினை அணைத்த பிறகு அதன் அறையில் தேங்கும் சூட்டை லித்தியம் தாங்காது. அதைக் கேபின் பக்கம் வைக்க வேண்டும். அதோடு, மூக்குக் கனத்தைச் சமன்செய்ய வாலருகே வைத்திருந்த பேட்டரியை இலேசாக்கினால் மையப்புள்ளி முன்னே நகரும். மிச்சப்பட்ட 5 கிலோவுக்குப் பதிலாக ஈயக்கட்டியை வாலில் கட்டியவர்களும் உண்டு.

கூடும் நிறமும்

அலுமினியக் கிட்டில் 2024-டி3 என்ற ரகத் தகடு வழக்கம். வலுவானது, ஆனால் ஈரத்தில் அரிக்கும். உள்பக்கம் பிரைமர் அடிக்க வேண்டுமா என்று வறண்ட நாட்டுக்காரர்கள் வாதிடலாம். வடகிழக்குப் பருவமழை பார்க்கும் ஊரில் அந்த வாதத்துக்கு இடமில்லை. கலவைக் கூட்டுக்கோ நிறம்தான் வலு. அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி கடும் சூட்டில் இளகும். வெயிலில் நிற்கும் கருநிறப் பரப்பு அந்த எல்லையை எட்டிவிடும். லாங்-ஈஸி வகை விமானங்கள் வெள்ளையாகவே இருப்பதற்கு அழகு காரணமல்ல.

பெயர் பெற்ற நிறுவனத்தின் பாகத்தையும் சோதித்தே பூட்ட வேண்டும். உலகில் அதிகம் கட்டப்படும் ஆர்வி வரிசைக் கிட்களைச் செய்யும் வான்ஸ் நிறுவனம், ஒரு காலகட்டத்தில் துளைகளை லேசரால் வெட்டி அனுப்பியது. துளை விளிம்பைக் குழிக்கும்போது சிலவற்றில் விரிசல் கண்டது. மாற்றுப் பாகங்களின் செலவும் வேறு நெருக்கடிகளும் சேர்ந்து 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி, பிறகு மீண்டு வந்தது.

கருவிகளும் சோதனையும்

திரைக் காக்பிட் இப்போது கிட் விமானங்களில் இயல்பாகிவிட்டது. தனித்தனி முள் கருவிகளைவிட எடை குறைவு என்பதால் இந்த ஒரு நவீனத்தை மறுக்கக் காரணமில்லை. கண்ணாடிக் கூரையின் கீழ் திரை சூடாகும். பின்னால் சிறு மின்விசிறி வேண்டும். இந்தியாவில் ககன் செயற்கைக்கோள் திருத்தத்தை ஏற்கும் ஜிபிஎஸ்ஸும், 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியும் தேர்ந்தெடுப்பது நல்லது.

அமெரிக்காவில் சான்று பெற்ற என்ஜினும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்த இணைக்கு வழக்கமாக 25 மணி நேரம், மற்றவற்றுக்கு 40 மணி நேரம் சோதனைப் பறத்தல் என்று வகுத்திருக்கிறார்கள். பிற்பாடு பெரிய பாகம் ஒன்றை மாற்றினால் மறுபடி குறைந்தது 5 மணி நேரம். சோதனையை டிசம்பர் காலையில் மட்டும் முடித்துவிட்டால் குறிப்பேட்டில் கிடைப்பது ஒரிகனின் எண்கள். ஏற்ற வேகம், எண்ணெய் வெப்பம், புறப்பாட்டு ஓட்டத் தூரம் ஆகிய மூன்றையும் ஏப்ரல், மே மாதங்களில், முதலில் காலையிலும் பிறகு படிப்படியாக வெயில் ஏறிய நேரத்திலும் எடை குறைத்துப் பறந்து மறுபடி எழுதிக்கொள்ள வேண்டும்.